‘சொல்லியாயிற்று’ என்று சொல்லாத மேசை: ஒரு வார்டு ஒருங்கிணைப்புச் சேவையின் மதிப்புரை

மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தவர்கள் மதிப்புரை எழுதும்போது மருத்துவரின் கைராசி, செவிலியரின் கனிவு, அறையின் தூய்மை ஆகியவற்றைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். வழுக்கி விழுந்து வலது இடுப்பருகே தொடை எலும்பு முறிந்த எழுபத்து நான்கு வயதுத் தாயாருடன் ஒரு மருத்துவமனையின் எலும்புச் சிகிச்சை வார்டில் ஒன்பது நாட்கள் தங்கியிருந்த எனக்கு, அவற்றைப் பற்றிக் குறையாகவோ நிறைவாகவோ சொல்ல அதிகம் இல்லை. நான் மதிப்பிட விரும்புவது, வார்டுக்குள் நுழைந்ததும் எதிர்ப்படும் மேசையில் ‘யூனிட் கோ-ஆர்டினேட்டர்’ என்ற அட்டையை அணிந்து உட்கார்ந்திருந்த பெண்மணியின் வேலையை. மருத்துவமனையின் பெயரையும் அவருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. நிறைகளோடு குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவை யாரோ ஒருவர் தலையில் விடியக் கூடாது.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் அனுப்புகைப் பிரிவில் கழிந்தது. அந்தத் தொழிலில் பாதித் தகராறுகள் ‘அனுப்பியாயிற்று’ என்ற ஒற்றைச் சொல்லில் தொடங்கும். அனுப்பியவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். சரக்கு வண்டியில் ஏறியிருக்கும், சீட்டில் கையெழுத்தும் இருக்கும், ஆனால் சேர வேண்டிய இடத்தில் சரக்கு மட்டும் இருக்காது. மருத்துவமனையில் அதே சொல்லுக்கு ‘சொல்லியாயிற்று’ என்று பெயர். லேபுக்குச் சொல்லியாயிற்று, ஸ்கேனுக்குச் சொல்லியாயிற்று, மருத்துவரிடம் சொல்லியாயிற்று. இந்த ஒன்பது நாட்களில் அந்தச் சொல்லை ஒரு முறைகூட நான் கேட்காத ஒரே இடம் அந்த மேசைதான் என்பதால்தான் இந்த மதிப்புரை.

இந்தப் பணி புதிதாக முளைத்த ஒன்றன்று. இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் செவிலியர் பற்றாக்குறை ஏற்பட்டபோது, அவர்கள் கையிலிருந்த எழுத்து வேலையையும் தொலைபேசி வேலையையும் பிரித்து வேறொருவரிடம் கொடுத்ததில் தொடங்கியது. பிரிட்டனில் அவரை வார்டு கிளார்க் என்பார்கள். வேறு சில இடங்களில் யூனிட் செக்ரட்டரி, ஃப்ளோர் கோ-ஆர்டினேட்டர் என்று பெயர்கள் மாறும். அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டு இவர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் உருவானது. தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறும் ஏற்பாடும் அதன்பின் வந்தது. மருத்துவம் படிக்காத, ஊசி போடாத, நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்யாத ஒருவருக்கு ஏன் சான்றிதழ் என்று முன்பு யாராவது கேட்டிருந்தால் நானும் அவரோடு சேர்ந்து கேட்டிருப்பேன்.

எங்கள் முதல் நாளே அதற்கு விடை சொன்னது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களுக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. படுத்த படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் நுரையீரல் தொற்றையும், காலில் இரத்தம் உறைவதையும், படுக்கைப் புண்ணையும் அருகில் கொண்டுவரும். திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குச் சேர்த்தோம். அறுவை சிகிச்சை மறுநாள் என்று எலும்பு மருத்துவர் சொன்னார். ஆனால் அதற்கு முன் இதய மருத்துவர் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், பார்த்து எழுதித் தர வேண்டும், அதைப் பார்த்து மயக்க மருந்து மருத்துவர் ஒப்புதல் தர வேண்டும், இரத்த வங்கியில் மாதிரி கொடுத்துப் பொருத்தம் பார்த்து ஒரு யூனிட் ஒதுக்கி வைக்க வேண்டும், பொருத்தப் போகும் உலோகத்தின் அளவுக்காக இன்னொரு எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். இவற்றுள் ஒன்று மாலைக்குள் முடியாமல் போனாலும் செவ்வாய் என்பது புதன் ஆகும், புதன் வியாழன் ஆகும்.

எக்கோ பிரிவில் அன்று இடமில்லை. கணினியில் கோரிக்கை பதிவாகி, திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. வேறொருவர் என்றால் அத்துடன் கை கழுவியிருப்பார். இவர் தொலைபேசியை எடுத்து, “நாளைக் காலை எட்டு மணிப் பட்டியலில் இருக்கும் இடுப்பெலும்பு நோயாளி, எக்கோ இல்லாமல் மயக்க மருந்து மருத்துவர் பார்க்க மாட்டார், படுக்கையை விட்டு எழ முடியாதவர் என்பதால் ஸ்ட்ரெச்சரில்தான் வருவார், உங்களிடம் வருகிறவர்களில் யாராவது வரத் தவறினால் பத்து நிமிடத்தில் அனுப்புகிறேன்” என்றார். இரண்டரை மணிக்கு ஒருவர் வரவில்லை. அதற்கு முன்பே ஸ்ட்ரெச்சரும் தள்ளுகிறவரும் எங்கள் கட்டிலருகே நின்றார்கள். எக்கோவுக்குப் போகும் வழியிலேயே எக்ஸ்-ரேயும் எடுக்கப்பட்டது. முறிந்த எலும்போடு இரண்டு முறை கட்டிலுக்கும் ஸ்ட்ரெச்சருக்குமாகத் தூக்கிப் போடும் வேதனை ஒரு முறையோடு போயிற்று. அந்த ஒரு தொலைபேசிப் பேச்சில் அவசரம் ஏன், தடை எங்கே, நோயாளியின் நிலை என்ன, தம் பக்கத்தில் என்ன தயாராக இருக்கிறது என்ற நான்கும் இருந்ததைக் கவனித்தேன். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு மாதக் கணக்கில் ஆகும்.

மறுநாள் நடந்தது இன்னும் சிறிய விஷயம், ஆனால் அதைத்தான் என் தாயார் இன்றும் நினைவுகூர்கிறார். நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று கட்டில் தலைமாட்டில் பலகை தொங்கியது. எட்டு மணி தாண்டியும் அழைப்பு வரவில்லை. நாக்கு வறண்டு, பேச்சே குழறத் தொடங்கியது. செவிலியரிடம் கேட்டதற்கு, தியேட்டரிலிருந்து எப்போது வேண்டுமானாலும் அழைப்பார்கள், எதுவும் கொடுக்க இயலாது என்றார். அவர் சொன்னதும் சரிதான். ஒருங்கிணைப்பாளர் பணிக்கு வந்து அரை மணி நேரத்துக்குள் ஆபரேஷன் தியேட்டருக்குப் பேசினார். விபத்தில் சிக்கிய ஒருவர் விடியற்காலையில் வந்ததால் பட்டியல் முழுவதும் கீழே இறங்கியிருந்தது, எங்கள் முறை மதியம் இரண்டு மணிக்கு முன் வராது. அந்தச் செய்தி தியேட்டரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, வார்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. உடனே அவர் மயக்க மருந்து மருத்துவரைப் பிடித்து, மதியம் பன்னிரண்டு வரை தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டு, அவருடைய ஒப்புதலைச் செவிலியரிடமே நேரடியாகச் சொல்ல வைத்தார். மயக்க மருந்துக்கு முன் திட உணவை ஆறு மணி நேரமும் தெளிந்த நீரை இரண்டு மணி நேரமும் நிறுத்தினால் போதும் என்பதே இன்றைய பொது வழிகாட்டுதல் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அவர் அதை எங்களிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. பலகையைக் கழற்றி, ‘12 மணி வரை தண்ணீர் மட்டும்’ என்று மாற்றி எழுதிய சீட்டைச் செவிலியர் கையொப்பத்துடன் மாட்டிவிட்டுப் போனார்.

செவிலியரிடம் நேரடியாகச் சொல்ல வைத்தார் என்று எழுதினேன் அல்லவா, அதில்தான் இந்தப் பணியின் எல்லைக்கோடு இருக்கிறது. மருத்துவர் வாய்வழியாகச் சொல்லும் ஆணையை வாங்கிக்கொள்ளும் உரிமை ஒருங்கிணைப்பாளருக்கு இல்லை. உரிய செவிலியர் கேட்டு, எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி உறுதி செய்ய வேண்டும். மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் அமெரிக்கக் கூட்டு ஆணையம் 2003-இல் நோயாளிப் பாதுகாப்பு இலக்குகளை நடைமுறைப்படுத்தியபோது இந்தத் திரும்பப் படிக்கும் முறையையும் அவற்றுள் சேர்த்தது. தனக்குத் தெரியும் என்பதற்காக ‘கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், ஒன்றும் ஆகாது’ என்று அவரே சொல்லியிருந்தால் எங்களுக்கு அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அப்படிச் சொல்லாததற்காகவே அவருக்கு மதிப்பெண் தருகிறேன்.

இதே எல்லைக்கோடு வேறொரு நாள் எனக்கு எரிச்சலையும் ஊட்டியது. அறுவை சிகிச்சைக்கு மறுநாள் எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்துவிட்டது, மருத்துவர் வந்து சொல்வார் என்றார். எண் என்ன என்று கேட்டேன். “எனக்குத் திரையில் தெரிகிறது, சார். ஆனால் அதை உங்களிடம் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. மருத்துவர் பார்த்துவிட்டாரா என்பதை மட்டும் நான் உறுதி செய்ய முடியும், இப்போதே செய்கிறேன்” என்றார். கண் முன்னால் இருக்கும் எண்ணைச் சொல்வதில் என்ன குடி முழுகிவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன். கால் மணி நேரத்தில் டியூட்டி மருத்துவர் வந்து, ஹீமோகுளோபின் 7.4 என்றும், அறுவை சிகிச்சையில் இழந்த இரத்தத்தால் இப்படி ஆவது எதிர்பார்த்ததுதான் என்றும், ஒரு யூனிட் ஏற்றினால் போதும் என்றும் சொன்னார். அந்த எண்ணை மட்டும் விளக்கம் இல்லாமல் கேட்டிருந்தால் அந்தக் கால் மணி நேரத்தில் நான் எத்தனை உறவினர்களை அழைத்துக் கலவரப்படுத்தியிருப்பேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இரத்தம் ஏற்றியதிலும் ஒரு நுட்பம் உண்டு. இரத்த வங்கியின் குளிர்பெட்டியை விட்டு வெளியே எடுத்த பை அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதில்லை என்பது பொதுவான விதி. ஏற்றுவதையும் நான்கு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். என் தாயாரின் கையில் போட்டிருந்த, வார்டில் எல்லோரும் வென்ஃப்ளான் என்று சொல்லும் ஊசிக்குழாய் அன்று காலை வீங்கிப்போய் எடுக்கப்பட்டிருந்தது. பை தயார் என்று இரத்த வங்கி இரண்டு முறை அழைத்தும் ஒருங்கிணைப்பாளர் ஆளை அனுப்பவில்லை. அவர் மறந்துவிட்டாரோ என்று நான் மேசைக்குப் போனபோது, “புதிய குழாய் போட்டுவிட்டதாகச் செவிலியர் சொல்லட்டும், ஏற்றும் நேரத்துக்கு அவர் கையும் ஓய்ந்திருக்கட்டும், அதன்பிறகே பையைக் கொண்டுவரச் சொல்வேன்” என்றார். முதலில் பையை வரவழைத்து, பிறகு நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்திக்கொண்டிருக்கும் காட்சியை நான் முன்பொரு முறை வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேன். சுறுசுறுப்பாகத் தோன்றுவதைவிடச் சரியான வரிசையில் செய்வது கடினம். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது சோம்பல் போலவே இருக்கும்.

இனி, பெயர் விவகாரம். எங்களிடமிருந்து நான்கு கட்டில் தள்ளி என் தாயாரின் பெயரையே உடைய இன்னொரு மூதாட்டி இருந்தார், அவருக்கு முழங்கால். இருவருடைய கேஸ் ஷீட்டிலும் முதல் நாளே மஞ்சள் பட்டை ஒட்டப்பட்டிருந்ததை நான் ஏதோ அலுவலகக் குறியீடு என்று நினைத்திருந்தேன். வியாழக்கிழமை காலையில் சக்கர நாற்காலியுடன் வந்த பணியாளர் ஒருவர் வாசலில் நின்றே பெயரைச் சொல்லிக் கூப்பிட, என் தாயார் கைகூட உயர்த்திவிட்டார். கூப்பிட்டால் ‘நான்தான்’ என்று சொல்வது மனித இயல்பு; காது மந்தமானவர்களும் அரைத் தூக்கத்தில் இருப்பவர்களும் யார் பெயருக்கும் ‘ஆம்’ என்பார்கள். மேசையிலிருந்து எழுந்து வந்த ஒருங்கிணைப்பாளர், பணியாளர் கையிலிருந்த சீட்டை வாங்கி, என் தாயாரின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையின் எண்ணோடு தன் விரலை வைத்து இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டார். கடைசி மூன்று இலக்கங்கள் வேறு. “அம்மா, நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள், இது உங்களுக்கு இல்லை” என்றார். பணியாளரைக் கடிந்துகொள்ளவில்லை, அடுத்த முறை முதலில் மேசைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்று நடக்கவிருந்தது வெறும் எக்ஸ்-ரேதான். ஆனால் அதே தவறு இரத்தப் பையிலோ மருந்திலோ நேர்ந்தால் உயிர் போகும். நோயாளியை அடையாளம் காணக் குறைந்தது இரண்டு அடையாளங்களை, அதாவது பெயருடன் பிறந்த தேதியையோ மருத்துவமனை எண்ணையோ, ஒப்பிட வேண்டும் என்பதும், கட்டில் எண்ணை அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்பதும் இன்று உலகெங்கும் சொல்லப்படும் விதிகள். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட நோயாளிப் பாதுகாப்புத் தீர்வுகளிலும் நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பது இடம்பெற்றது. கட்டில் எண் ஏன் ஆகாது என்றால், கட்டிலில் ஆள் மாறுவார். முந்தைய நாள்தான் எங்களைச் சன்னலோரக் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். அவரிடமும் ஒரு தவறு நேர்ந்தது. இரத்த அழுத்தத்தை முன்னிட்டு உப்புக் குறைத்த உணவு கொடுக்கச் சொல்லி மருத்துவர் வியாழக்கிழமை காலையில் மாற்றி எழுதியது சமையலறைக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு வேளை பழைய உணவே வந்தது. வெள்ளிக்கிழமை கேட்டபோது அவர் திரையைப் பார்த்தார், குறிப்பேட்டைப் பார்த்தார், பிறகு “நான்தான் விட்டுவிட்டேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எனக்குக் கேட்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. சமையலறைக்கு அனுப்பினேன், அவர்கள்தான் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அதைச் சரிபார்க்க எனக்கு வழியும் இல்லை.

அவர் பேச்சில் கனிவு குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டதற்குப் பதில் வரும், கேட்காததற்கு வராது. காத்திருக்கும் உறவினரை நிமிர்ந்து பார்த்து ஒரு தலையசைப்பாவது தராமல் ஐந்து நிமிடம் தொலைபேசியிலேயே இருப்பார். அவருடைய மேசையும் அதற்குத் துணை போகிறது: சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் அதன் முன் வந்து நின்றால் மறுபுறம் உட்கார்ந்திருப்பவருக்குத் தலைமுடிகூடத் தெரியாத அளவுக்கு அதை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கான வார்டில் இப்படியொரு மேசையை வடிவமைத்தவரை நான் ஒரு நாளாவது சந்திக்க விரும்புகிறேன்.

ஆனால் இவையெல்லாம் சில்லறைக் குறைகள். பெருங்குறை மருத்துவமனையுடையது. அந்த மேசையில் காலை எட்டு முதல் இரவு எட்டு வரைதான் ஆள். இரவில் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கிடையாது. நோய்க்கு விடுமுறை உண்டா என்று கேட்டால், இரவில் எழுத்து வேலை குறைவு என்று பதில் வருகிறது. எழுத்து வேலை குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். நான் பார்த்த இரவைச் சொல்கிறேன். இரவு ஒன்பது மணி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த செவிலியர், எங்களுக்கு எதிர்க் கட்டிலில் இருந்தவருக்கு ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். மேசைத் தொலைபேசி அடித்தது. அடித்து நின்று மீண்டும் அடித்தது. மூன்றாம் முறை அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஓடினார்; லேபிலிருந்து யாரோ ஒரு மாதிரியின் எண் கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தவர் தட்டைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், எவ்வளவு ஏற்றினோம் என்ற ஐயத்தில் அந்த ஊசியையே எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். அவர் நேர்மையான செவிலியர், எறிந்தார். அன்றிரவு பத்தரைக்குள் அந்தத் தொலைபேசி பதினான்கு முறை அடித்ததை எண்ணினேன். தூக்கம் வராதவனுக்கு வேறென்ன வேலை. போர்க்காலத்தில் செவிலியரின் கையை விடுவிக்க உருவாக்கப்பட்ட பணி, இரவு எட்டு மணிக்குப் பிறகு மீண்டும் செவிலியரின் கையிலேயே போய் விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கே அது வலித்தது. இடுப்பெலும்பு அறுவைக்குப் பின் நோயாளியை விரைவில் எழுப்பி நிற்க வைத்து நடக்கச் செய்வதில்தான் பாதிக் குணம் இருக்கிறது. வியாழன் முதல் சனி வரை இயன்முறை மருத்துவர் வந்து, நடைச்சட்டத்தைப் பிடிக்க வைத்து, முதல் நாள் நிற்கவும் மூன்றாம் நாள் பன்னிரண்டு அடி எடுத்து வைக்கவும் பழக்கியிருந்தார். ஞாயிறு வருகிறவர் வேறொருவர், அவருக்கு வார்டிலிருந்து பட்டியல் போக வேண்டும். காலையில் கேட்டேன், சொல்லியாயிற்று என்றார்கள். மதியம் கேட்டேன், சொல்லியாயிற்று. மாலையில் அவர் பணி முடிந்து போய்விட்டார். யார் சொன்னார், யாரிடம் சொன்னார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. திங்கட்கிழமை என் தாயார் பன்னிரண்டிலிருந்து ஏழு அடிக்கு இறங்கியிருந்தார், பயமும் திரும்பியிருந்தது.

திங்கள் காலையில் ஒருங்கிணைப்பாளரிடம் இதைச் சொன்னபோது அவர் சமாதானம் ஏதும் சொல்லவில்லை. தன் நீளமான குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். மருத்துவமனையில் எல்லாமே கணினியில்தான். ஆயினும் அவர் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே சிறிய கட்டம். கேட்டதும் ஒரு சாய்கோடு, நடந்து முடிந்ததைத் தாமே உறுதி செய்ததும் குறுக்கே மறுகோடு. ஒற்றைக் கோட்டுடன் நிற்பவற்றை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே போவார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் வெறுமையாக இருந்தது.

இங்கே ஒரு சிறு விலகல். மருத்துவர்கள் காகிதத்தில் ஆணை எழுதிய காலத்தில் அவற்றைப் படித்து, பிரித்து, படியெடுத்து, உரிய பிரிவுகளுக்கு அனுப்புவதே இந்தப் பணியின் முதுகெலும்பாக இருந்தது. அந்தக் கையெழுத்துகளின் ஆபத்து சாதாரணமானதன்று. இன்சுலின் அளவில் ‘யூனிட்’ என்பதற்குப் பதிலாக எழுதப்படும் ‘U’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் பூச்சியம் என்று படித்துவிட்டால் மருந்து பத்து மடங்காகிவிடும், 1.0 என்று எழுதியதில் புள்ளி மங்கினால் அது 10. இத்தகைய சுருக்கங்களைப் பயன்படுத்தவே கூடாது என்று மேற்சொன்ன அமெரிக்கக் கூட்டு ஆணையம் 2004-இல் ஒரு தடைப்பட்டியலே வெளியிட்டது. இன்று ஆணைகளை மருத்துவரே கணினியில் பதிகிறார், படியெடுக்க ஆள் வேண்டியதில்லை. ஆகவே இந்த இருக்கையே எதற்கு என்று நிர்வாகங்கள் கணக்குப் போடத் தொடங்கியிருக்கின்றன. கணினி கையெழுத்துச் சிக்கலைத் தீர்த்தது உண்மை. ஆனால் அது ‘அனுப்பப்பட்டது’ என்று சொல்வதோடு நின்றுகொள்கிறது, ஸ்கேன் பிரிவில் எந்திரம் பழுதாகி நிற்கிறது என்பதையோ, நோயாளியைத் தள்ளிச் செல்ல வேண்டியவர் வேறு தளத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பதையோ அது அறியாது. அந்தக் குறிப்பேட்டின் மறுகோடு எந்த மென்பொருளிலும் எனக்குத் தென்படவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய நாள் மட்டும் பாக்கி. காலை பத்து மணிக்குப் பெரிய மருத்துவர் வந்து ‘போகலாம்’ என்றார். நாங்கள் வாகனத்தில் ஏறியபோது மாலை நான்கு இருபது. டிஸ்சார்ஜ் என்றால் தாமதம் என்று எல்லோரும் புலம்புகிறார்கள், ஆனால் அந்த ஆறு மணி நேரம் எங்கே போகிறது என்று எவரும் கணக்குச் சொல்வதில்லை. இவர் சொன்னார், நான் கேட்காமலே, மூன்று முறை கட்டிலருகே வந்து. கனிவில்லாதவர் என்று மேலே எழுதியதை இந்த இடத்தில் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தயாரிக்க வேண்டிய இளம் மருத்துவர் தியேட்டரில் இருக்கிறார், பன்னிரண்டரைக்குத்தான் வெளியே வருவார். அதற்குள் பயன்படுத்தாத மருந்துகளை மருந்தகத்துக்குத் திருப்பி வரவு வைக்கும் வேலையை முடித்துவிடுகிறோம், சம்மரி வந்தபின் தொடங்கினால் இன்னும் ஒரு மணி நேரம் கூடும் என்றார். ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியவை எவை, பக்கத்தில் பக்கமாக நடக்கக்கூடியவை எவை என்று பிரிப்பதில்தான் அவர் கெட்டிக்காரர்.

மதியம் இரண்டு மணிக்குச் சம்மரி வந்தது. கொடுப்பதற்கு முன் அவர் அதை முழுவதும் ஒரு முறை படித்தார். முதல் பக்கத்தில் வலது இடுப்பு என்றும், இரண்டாம் பக்கத்தில் அறுவை சிகிச்சைக் குறிப்பில் ஓரிடத்தில் இடது என்றும் இருந்தது. நானாக இருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன், வீட்டுக்குப் போகும் அவசரம். பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். “நான் ஓர் எழுத்தும் மாற்றக் கூடாது, சார். மருத்துவர் திருத்தி மறுபடியும் கையெழுத்திட வேண்டும். நாற்பது நிமிடம் ஆகும்” என்றார். நாற்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. தையல் பிரிக்க வர வேண்டிய நாள், இரத்தம் உறையாமல் இருக்கத் தொடர வேண்டிய மருந்து, எந்த அறிகுறி தெரிந்தால் காத்திராமல் வர வேண்டும் என்பவற்றைச் செவிலியர் உட்கார்ந்து விளக்கியபின், அந்தத் தாளின் ஓரத்தில் வெளிநோயாளிப் பிரிவில் எங்களுக்குக் குறித்துவைத்த நேரத்தை எழுதிக் கொடுத்தார் ஒருங்கிணைப்பாளர்.

பகல் நேரச் சேவைக்கு ஐந்தில் நாலரை தருகிறேன். குறைத்த அரை, உப்புக்கும் உயரமான மேசைக்கும். இரவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஐந்தில் ஒன்று, அதுவும் அந்த ஊசியை எறிந்த செவிலியருக்காக. அறுவை சிகிச்சைக்காக ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்கள், எந்திரங்களையும் அறைகளையும் விசாரிப்பதோடு, வார்டு மேசையில் ஆள் எத்தனை மணி வரை இருப்பார், அவர் போனபின் அந்தத் தொலைபேசியை யார் எடுப்பார் என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்கிறவர் தடுமாறுகிறாரா என்பதே பாதி பதில்.

புறப்படும்போது ஒரு கருத்துப் படிவம் தந்தார்கள். மருத்துவர், செவிலியர், உணவு, தூய்மை, பில் பிரிவு என்று ஒவ்வொன்றுக்கும் கட்டங்கள் இருந்தன. ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் கட்டம் இல்லை. தாளின் ஓரத்தில் இடம் இருந்தவரை பகலைப் பற்றி நான்கு வரியும் இரவைப் பற்றி ஆறு வரியும் நுணுக்கி எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் கைபேசிக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: ‘உங்கள் கருத்து உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது.’